இ-ரீடரில் தமிழ் நூலுக்கு நீங்கள் விரும்பும் எழுத்துரு: முதல்முறை மாற்றுவோருக்கான வழிகாட்டி

சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய கிண்டிலோ, கோபோவோ இப்போது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆங்கில நூல் என்றால் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு படிக்கலாம். தமிழ் நூலை ஏற்றினால் நான்கில் ஒன்று நடக்கும்.

எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டங்கள் வரும். அல்லது தமிழ் வரும், ஆனால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறும். அல்லது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வரும். அல்லது எல்லாம் சரியாகவே வரும். அப்பத்தாவால் படிக்க முடியாத அளவுக்கு மெலிசாக வரும்.

யாரைக் கேட்டாலும் "வேற ஃபான்ட் போடுங்க" என்பார்கள். முதலாவதற்கும் நான்காவதற்கும் அது சரி. இரண்டாவது, கருவி எழுத்தை வரையும் முறையில் உள்ள கோளாறு. மூன்றாவது, நூல் தட்டச்சான விதத்தில் உள்ள கோளாறு. இந்த இரண்டுக்கும் நூறு எழுத்துரு போட்டாலும் கோளாறு தீராது. அதனால்தான் இங்கே எழுத்துருவுக்கு முன் நூலைச் சோதிக்கும் படி வருகிறது. அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

திரையில் எல்லாப் பெயர்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இங்கே அவற்றின் உச்சரிப்பைக் கொடுத்திருக்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை, செலவு, நேரம்

ஒரு கணினி வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் சரி. அதில் காலிபர் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். நூல்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும், நூலின் விவரங்களைத் திருத்தவும் அதைவிட நல்லது இல்லை.

கேபிளில் பலர் ஏமாறுகிறார்கள். பவர் பேங்க்கோடு வரும் கேபிள்கள் சில சார்ஜ் மட்டுமே ஏற்றும், தகவலைக் கடத்தாது. கருவியைச் செருகியதும் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கணினியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். காரைக்குடி செக்காலை ரோட்டில் ஏதாவது மொபைல் கடையில் "டேட்டா கேபிள்" என்று கேட்டு வாங்குங்கள். பழைய கிண்டில்களுக்கு மைக்ரோ யூஎஸ்பி முனை. 2021இல் வந்த பேப்பர்வொயிட் முதல் டைப்-சி.

எழுத்துருக்களுக்குப் பைசா செலவில்லை. கீழே சொல்பவை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை: நகலெடுக்கலாம், நூலுக்குள் பதிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். விண்டோஸில் இருக்கும் லதா, நிர்மலா போன்றவற்றை எடுத்துப் போட்டால் வேலை செய்யக்கூடும். ஆனால் அவற்றின் உரிமம் விண்டோஸோடு சேர்ந்தது. இலவசமாகவே நல்லவை கிடைக்கும்போது அந்த வழி தேவையில்லை.

மொத்தச் செலவு ஒரு கேபிள்தான். நேரம், எல்லாம் ஒழுங்காக இருந்தால் அரைமணி. நூல் பழைய குறியாக்கத்தில் இருந்தால் ஒரு மாலை முழுவதும் போகும்.

2. நூலைச் சோதியுங்கள்

நூல் பிடிஎஃப் ஆக இருந்தால் இங்கேயே நின்றுவிடுங்கள். பிடிஎஃப்பில் எழுத்துருவை மாற்ற முடியாது. அது அச்சடித்த பக்கத்தின் படம் மாதிரி. "6 அங்குல பிடிஎஃப்" என்று தனியாகக் கிடைப்பதும் அப்படித்தான். கிண்டில் அளவுக்குப் பக்கம் வெட்டியிருப்பார்கள், எழுத்துரு மாறாது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூல் பல வடிவங்களில் இருக்கும், எழுத்துரு மாற்றக்கூடிய மின்னூல் வடிவமான ஈபப்பை எடுங்கள். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் நிறைய உண்டு. அங்கும் ஈபப்பாக இறக்கலாம். மதுரைத் திட்டத்தின் நூல்களில் பிடிஎஃப்பை விட்டுவிட்டு, வலைப்பக்க வடிவத்தை எடுத்துக் காலிபரில் ஈபப் ஆக்குங்கள்.

பிடிஎஃப்பையே காலிபரில் போட்டு ஈபப் ஆக்கலாமே என்று தோன்றும். தமிழுக்கு அது அநேகமாகக் குப்பையாகவே முடியும். பிடிஎஃப் எழுத்தின் உருவத்தைச் சேமிக்கிறது. "கொ" என்பதைக் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் பிரித்துக் கொடுத்துவிடும். ஸ்கேன் செய்த பழைய புத்தகமானால் அதில் எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு சென்னை நூலகமாக வளர்ந்ததில் நம் பக்கத்துக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் காலத்து அச்சுப் புத்தகம் ஒன்றின் ஸ்கேன் உங்களிடம் இருந்தால், எழுத்துணரி (ஓசிஆர்) வழியாக உரையாக்கி, வரிவரியாக மெய்ப்புப் பார்த்த பிறகுதான் எழுத்துரு பற்றிப் பேசவே முடியும். அது தனி வேலை.

ஈபப் இருக்கிறதா? அடுத்து, யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்தில் நூல் இருக்கிறதா என்ற சோதனை. காலிபரின் வியூவரில் நூலைத் திறந்து, ஒரு சொல்லை நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒட்டி அனுப்புங்கள். தமிழாகவே போனால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளாக மாறினால் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியில் "தமிழ்" என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றே கணினியில் இருக்கும்; பாமினி எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் மாட்டுகிறது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நூலுக்குப் பாமினி எழுத்துருவையே கருவியில் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். படிக்க வரும். ஆனால் தேட முடியாது, அகராதி வேலை செய்யாது, நடுவே வரும் ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் குப்பையாகும். என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இலவசம். உரையை மாற்றிவிட்டு மேலே போங்கள்.

சோதனைக்கு ஒரு சிறிய கோப்பு செய்து வைத்துக்கொள்வது பெரிய உதவி. நோட்பேடில் இப்படி ஒரு வரி அடியுங்கள்:

கொக்கு கோழி கௌரி கூடை தூது டீ மூ ழூ ஸ்ரீ க்ஷேமம் ஜூலை 1234

யூடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமித்து, காலிபரில் சேர்த்து, ஈபப் ஆக்குங்கள். கருவியில் இந்த ஒரு வரியைப் பார்த்தாலே விவரம் தெரிந்துவிடும். "கொ", "கௌ" சிதறினால் கருவி கொம்பை முன்னால் கொண்டுபோகவில்லை. "கூ", "தூ", "மூ" ஆகியவை ஒட்டாமல், மெய்யும் ஊகாரக் குறியும் தனித்தனியாக நின்றால், எழுத்துருவுக்குள் இருக்கும் கூட்டெழுத்து விதிகளைக் கருவி படிக்கவில்லை. புள்ளியிட்ட வட்டம் தெரிந்தால் நூலிலேயே உயிர்க்குறி தவறான இடத்தில் இருக்கலாம்.

3. நூலின் மொழி "தமிழ்" என்று இருக்கிறதா பாருங்கள்

இரண்டு நிமிட வேலைதான். செய்யாமல் விட்டால் எழுத்துரு "சில நூலில் மாறுகிறது, சிலதில் மாறவில்லை" என்று தலையைச் சொறிய வேண்டிவரும்.

ஒவ்வொரு ஈபப்புக்குள்ளும் அதன் மொழி என்ன என்று ஒரு குறிப்பு இருக்கும். நூலைத் தயாரித்தவர் கவனிக்காமல் விட்டால் அது ஆங்கிலம் என்று இருக்கும், அல்லது காலியாக இருக்கும். கருவிகள் இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் எந்த எழுத்துருப் பட்டியலைக் காட்டுவது, சொல்லை எங்கே முறிப்பது, எந்த அகராதியைத் திறப்பது என்று முடிவு செய்கின்றன. கிண்டில் எழுத்துருத் தேர்வை மொழிவாரியாக நினைவில் வைக்கும். ஆங்கிலம் என்று முத்திரை விழுந்த தமிழ் நூல் ஆங்கில நூல்களின் அமைப்பைப் பிடித்துக்கொண்டு வரும்.

காலிபரில் நூல்களை மொத்தமாகத் தேர்ந்து, "எடிட் மெட்டாடேட்டா" திறந்து, "லாங்குவேஜஸ்" கட்டத்தில் தமிழ் என்று கொடுங்கள். இங்கே ஒரு பொறி. காலிபரில் மாற்றியது காலிபரின் பட்டியலில்தான் மாறியிருக்கும், கோப்புக்குள் மாறியிருக்காது. காலிபர் வழியாகவே கருவிக்கு அனுப்பும்போதோ, வடிவம் மாற்றும்போதோ, "பாலிஷ் புக்ஸ்" என்பதில் விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லும்போதோதான் உள்ளே எழுதப்படும். காலிபரில் திருத்திவிட்டு, பழைய கோப்பை டவுன்லோட்ஸிலிருந்து இழுத்துப் போட்டால் பழைய மொழிதான் போகும்.

4. எழுத்துருவைத் தேர்ந்து இறக்குவது

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் மொழி என்ற வடிகட்டியில் தமிழைக் கொடுத்தால் பட்டியல் வரும். படிக்க ஏற்றவை சிலதான்.

நோட்டோ செரிஃப் தமிழ்: நீண்ட உரைநடைக்கு என் முதல் தேர்வு. தடிமன்கள் பல உண்டு. அச்சுப் புத்தகச் சாயல்.

டீரோ தமிழ்: பழந்தமிழ் நூல் படிப்பவர்களுக்கு மிக அழகு. சாதாரணமும் சாய்வும் மட்டும் உண்டு, தடித்தது இல்லை. தலைப்புகளைக் கருவியே செயற்கையாகத் தடிக்க வைக்கும். கொஞ்சம் அப்பினாற்போல் இருக்கும்.

முக்தா மலர், ஹிந்த் மதுரை: கோட்டு முனைகள் இல்லாத எழுத்து. கண் மங்கியவர்களுக்குப் பெரிய அளவில் தெளிவாகத் தெரியும். வீட்டுப் பெரியவர்களுக்கு முக்தா மலரின் மீடியம் தடிமனைத்தான் சொல்வேன்.

மீரா இனிமை: மென்மையான எழுத்து, ஒரே தடிமன். மின்மைத் (இ-இங்க்) திரையில் சற்று வெளுத்துத் தெரியும்.

கவிவனார், காயினி மாதிரி அலங்கார எழுத்துகளைத் தலைப்புக்கு வைத்துக்கொள்ளலாம். நானூறு பக்க நாவலுக்கு ஆகாது.

இறக்கிய ஜிப்பை விரித்தால் சிலவற்றில் மேலேயே ஒரு பெரிய கோப்பும், உள்ளே "ஸ்டாட்டிக்" என்ற ஃபோல்டரும் இருக்கும். மேலே உள்ளது எல்லாத் தடிமனையும் ஒன்றாக அடக்கிய மாறுதடிமன் கோப்பு. அதை எடுக்காதீர்கள். இ-ரீடர்கள் பலவற்றுக்கு அதைச் சரியாகக் கையாளத் தெரியாது. ஒரே தடிமனில் நின்றுவிடும், அதுவும் ஆக மெலிந்ததாக இருந்தால் கோழிக் கிறுக்கல்தான். ஸ்டாட்டிக் ஃபோல்டரில் இருந்து ரெகுலர், போல்ட் என்று முடியும் இரண்டை மட்டும் எடுங்கள்; பெரியவர்களுக்கு முக்தா மலர் என்றால் ரெகுலருக்குப் பதில் மீடியம். சாய்வெழுத்து இருந்தால் அதையும் சேருங்கள். கண்டென்ஸ்டு என்று பெயரில் வருபவை குறுக்கியவை, வேண்டாம்.

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் நோட்டோவை இறக்கினால் ஒரே எழுத்துரு பல ஃபோல்டர்களில் இருக்கும். "ஃபுல்" என்று உள்ளதை எடுங்கள். மற்றவற்றில் ஆங்கில எழுத்துகள் இல்லாமல் போகலாம். நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கியதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும்.

கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். குடும்பப் பெயர், ஒரு சிறுகோடு, தடிமன் என்று இருக்கும் அந்த வரிசையை வைத்துத்தான் கருவி இந்தக் கோப்புகள் எல்லாம் ஒரே குடும்பம் என்று அறிகிறது. "பாட்டிக்கு" என்று பெயர் வைத்தால் போல்ட் தனியாக ஓர் எழுத்துருவாகப் பட்டியலில் நிற்கும்.

5. கிண்டிலில்

கருவியைக் கணினியில் செருகுங்கள். பழைய மாடல்கள் பென் டிரைவ் போல் திறக்கும். 2024இல் வந்த மாடல்கள் எம்டிபி முறையில் இணையும்: விண்டோஸில் தானாகத் தெரியும், மேக்கில் தெரியாது, அதற்குத் தனி மென்பொருள் நிறுவ வேண்டும். "என் கிண்டில் மேக்கில் வரவில்லை" என்பவர்களில் பாதிப்பேருக்குக் காரணம் இதுதான்.

உள்ளே "ஃபான்ட்ஸ்" என்ற ஃபோல்டர் இருக்கும். இல்லையென்றால் நீங்களே உருவாக்குங்கள். ஆங்கிலத்தில் எஃப், ஓ, என், டி, எஸ் ஐந்தும் சிறிய எழுத்தில், எல்லாவற்றுக்கும் மேல் மட்டத்தில். நூல்கள் இருக்கும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் போட்டால் வேலைக்காகாது. டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும் எழுத்துருக் கோப்புகளை அதில் போட்டு, முறைப்படி எஜெக்ட் செய்து பிடுங்குங்கள்.

நூலைத் திறந்து, மேல்பகுதியைத் தொட்டு, "ஏஏ" குறியை அழுத்தி, ஃபான்ட் பகுதிக்குப் போனால் கஸ்டம் என்ற தலைப்பில் உங்கள் எழுத்துரு இருக்கும். தெரியவில்லை என்றால் செட்டிங்ஸ், டிவைஸ் ஆப்ஷன்ஸ் வழியாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். அளவு, வரி இடைவெளி எல்லாம் பிடித்தபடி அமைந்ததும் "தீம்ஸ்" பகுதியில் அதைச் சேமித்து "அப்பத்தா" என்று பெயர் கொடுங்கள். யாராவது கைபட்டு மாற்றிவிட்டாலும் ஒரே தட்டில் பழையபடி வரும்.

எழுத்துரு பட்டியலில் இருக்கிறது, தேர்ந்தால் நூலில் எந்த மாற்றமும் இல்லை என்றால் நூலுக்குள்ளேயே பதிப்பாளர் எழுத்துரு பதித்திருக்கலாம். பட்டியலில் "பப்ளிஷர் ஃபான்ட்" என்று ஒன்று இருந்தால் அதுதான் அறிகுறி. வேறொன்றைத் தேர்ந்தும் சில பத்திகள் மாறாமல் நின்றால், காலிபரில் கன்வெர்ட் செய்யும்போது "லுக் அண்ட் ஃபீல்" பகுதியில், நடை விவரங்களை வடிகட்டும் இடத்தில் ஃபான்ட்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். நூலுக்குள் எழுதி வைத்த எழுத்துருக் கட்டளைகள் உதிர்ந்துவிடும். கடையில் வாங்கிய, பூட்டுப் போட்ட நூல்களுக்கு இது நடக்காது. உங்களிடம் உள்ள திறந்த நூல்களுக்கு மட்டும்.

இதற்கு நேரெதிரான வழியும் உண்டு. அதே லுக் அண்ட் ஃபீல் பகுதியில் "எம்பெட் ஃபான்ட் ஃபேமிலி" என்ற கட்டத்தில் நோட்டோ செரிஃப் தமிழைத் தேர்ந்து, கிண்டிலின் நூல் வடிவமான ஏஇசட்டபிள்யூ3 ஆக மாற்றினால் எழுத்துரு நூலோடு ஒட்டிக்கொள்ளும். கிண்டிலில் பப்ளிஷர் ஃபான்ட்டைத் தேர்ந்தால் போதும். வேறு ஊரில் இருக்கும் உறவினருக்கு நூல் அனுப்புகிறீர்கள், அவர் கருவியில் நீங்கள் கைவைக்க முடியாது என்றால் இதுதான் வசதி.

ஈபப்பைக் கேபிள் வழியாகக் கிண்டிலில் போட்டால் நூலகத்தில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அமேசானின் சென்ட் டு கிண்டில் சேவை வழியாக ஈபப்பை அனுப்பலாம். கேபிள் வழி என்றால் ஏஇசட்டபிள்யூ3 ஆக்கித்தான் போட வேண்டும்.

6. கோபோவில்

இங்கும் அதே பெயரில், மேல் மட்டத்தில் ஒரு ஃபோல்டர், அதில் கோப்புகள், எஜெக்ட். நூலில் "ஏஏ" அழுத்தி, ஃபான்ட் ஃபேஸ் பட்டியலில் தேர்ந்துகொள்ளுங்கள்.

கோபோவின் சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. சாதாரண ஈபப்பை ஓர் இயந்திரமும், கோபோவுக்கே உரிய கேபப் என்ற வடிவத்தை இன்னொரு இயந்திரமும் வரைகின்றன. ஒரே நூல், ஒரே எழுத்துரு, இரண்டு விதமாக வரும். சோதனை வரி ஈபப்பில் சிதறினால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். கேபப் ஆக மாற்றி மறுபடி பாருங்கள். காலிபரின் 8ஆம் பதிப்பிலிருந்து கேபப் மாற்றம் உள்ளேயே வந்துவிட்டது. பழைய காலிபர் என்றால் கேபபிஃபை என்ற சிறிய இலவசக் கருவி போதும். கோப்பின் பெயர் கேபப், புள்ளி, ஈபப் என்று முடிய வேண்டும். வெறும் ஈபப் என்று மாற்றிவிட்டால் கருவி பழைய இயந்திரத்துக்கே அனுப்பிவிடும்.

7. கேஓரீடர்: தமிழுக்கு நான் முதலில் சொல்லும் வழி

கேஓரீடர் என்பது கோபோ, பாக்கெட்புக், ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவிக்கொள்ளக்கூடிய இலவச வாசிப்புச் செயலி. ஆண்ட்ராய்டு இ-ரீடர் இருந்தால் சாதாரண ஆப் போலவே நிறுவலாம். கோபோவில் கருவியின் மென்பொருளை உடைக்கத் தேவையில்லை, கோப்புகளை நகலெடுத்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். கிண்டிலில் மட்டும் ஜெயில்பிரேக் வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக, அதுவும் பெரியவர்களின் கருவியில், அதைச் செய்ய வேண்டாம்.

எழுத்துருக் கோப்புகளைக் கேஓரீடர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். கோபோவில் அது புள்ளியில் தொடங்கும் "ஆட்ஸ்" என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும். கணினியில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் கண்ணில் படும்.

நூலைத் திறந்து மேல் மெனுவில் ஃபான்ட் பட்டியலுக்குப் போங்கள். பெயரைத் தட்டினால் இந்த நூலுக்கு மட்டும் மாறும். பெயரை அழுத்திப் பிடித்தால் ஒரு கேள்வி வரும்: இதை டிஃபால்ட் ஆக்கவா, ஃபால்பேக் ஆக்கவா என்று. டிஃபால்ட் என்றால் இனித் திறக்கும் புது நூல்கள் எல்லாவற்றுக்கும் இதுவே. ஃபால்பேக் என்றால், முதன்மை எழுத்துருவில் இல்லாத எழுத்து வரும்போது இதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே திறந்த நூல்கள் தங்கள் பழைய அமைப்பையே வைத்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

கீழ்ப்பலகையில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். "ஃபான்ட் கெர்னிங்" என்பது "பெஸ்ட்" என்று இருக்க வேண்டும். பெயர் ஏதோ எழுத்து இடைவெளி போல் இருந்தாலும், கொம்பை இடம் மாற்றுவது, "கூ"வைச் சேர்ப்பது எல்லாம் அந்தத் தேர்வில்தான் முழுதாக நடக்கிறது. வேகத்துக்காக யாராவது "ஃபாஸ்ட்" வைத்திருந்தால் தமிழ் உடையும். அடுத்தது "எம்பெடட் ஃபான்ட்ஸ்". நூலுக்குள் பதித்த எழுத்துரு குறுக்கே நிற்கிறது என்றால் அதை ஆஃப் செய்யுங்கள்.

8. வரி, ஓரம், செய்யுள்

தமிழில் இகரச் சுழி மேலேயும் உகரக் குறி கீழேயும் நீள்கிறது. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் மேல் வரியின் "ழு"வும் கீழ் வரியின் "கி"யும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு வைப்பதைவிட ஒரு படி கூட்டி வையுங்கள்.

இரு ஓரமும் சமமாக இருக்கும் அமைப்பு தமிழுக்குச் சிறிய திரையில் ஒத்துவராது. "எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" போல ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனால் மேல் வரியில் மீதமுள்ள மூன்று சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இடது சீர் அமைப்பே போதும்.

கம்பன் விழா வரும் பங்குனியில் கம்பராமாயணத்தைக் கருவியில் ஏற்றிக் கேட்பவர்கள் அதிகம். அறுசீர் விருத்தத்தின் ஓர் அடி 6 அங்குலத் திரையில் பெரிய எழுத்தில் நிச்சயம் மடியும். மடிந்த துண்டு அடுத்த அடிபோலத் தோன்றி நாலடிப் பாட்டு ஏழடியாகிவிடும். இதற்கு எழுத்துருவிலேயே ஒரு தீர்வு இருக்கிறது: செய்யுள் நூல்களுக்கு மட்டும், நான் மேலே வேண்டாம் என்ற குறுக்கிய வகையை, நோட்டோ செரிஃப் தமிழின் செமி கண்டென்ஸ்டைப் போடுங்கள். கருவியைப் படுக்கை வாட்டில் திருப்பி, ஓர இடத்தை ஆகக் குறைவாக்குங்கள். பெரும்பாலான அடிகள் ஒரே வரியில் அடங்கும்.

9. பழைய கணக்கேடு, இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்த ஏடு) போன்றவற்றைத் தட்டச்சு செய்தவர்களுக்கு

குடும்ப ஆவணங்களைத் தட்டச்சு செய்து ஈபப்பாக வைத்துக்கொள்பவர்கள் நம் பக்கம் உண்டு. அதில் தமிழ் எண்களும் குறிகளும் வரும்: நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. இவை வழக்கமான தமிழ்த் தொகுதியிலேயே இருப்பவை. நோட்டோவில் வரும், எல்லா எழுத்துருவிலும் வரும் என்று நம்ப வேண்டாம். சோதனை வரியில் இவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் வேறு கதை. 2019இல் வந்த யூனிகோடு 12.0இல்தான் அவை தனித் தொகுதியாகச் சேர்ந்தன. சாதாரண நோட்டோ தமிழில் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்று தனியாக ஓர் எழுத்துரு உண்டு. கேஓரீடரில் அதை ஃபால்பேக் ஆக வைத்தால் உரை நோட்டோ செரிஃபிலும், பின்னங்கள் மட்டும் சப்ளிமென்ட்டிலும் வரும். ஃபால்பேக் தேர்வு இல்லாத கருவி என்றால், பின்னக் குறிகளுக்கு மட்டும் அந்த எழுத்துருவை நூலுக்குள் பதித்து வைக்க வேண்டும்.

10. அதே கருவியில் சீன நூல்கள்

விடுமுறைக்கு வரும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் சீனக் கதைப் புத்தகம் தாத்தாவின் கருவியிலேயே ஏறுவது இப்போது சகஜம். படிகள் அதேதான், மூன்று இடங்களில் மட்டும் வேறுபாடு.

முதலில் எழுத்துருவின் வட்டார வகை. சீனா, தைவான், ஜப்பான், கொரியா நான்குக்கும் பல எழுத்துகள் ஒரே குறியெண்ணில் இருக்கின்றன. உருவம் நாட்டுக்கு நாடு சற்று மாறும். எலும்பு என்று பொருள்படும் எழுத்தைச் சீன எளிய வடிவிலும் ஜப்பானிய வடிவிலும் அருகருகே வைத்துப் பார்த்தால் தலைப்பகுதி எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பது தெரியும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் எளிய வடிவம். எனவே நோட்டோ செரிஃப் எஸ்சி என்று முடிவதை எடுங்கள். ஜேபி, டிசி வேண்டாம். எழுதிப் பழகும் குழந்தைக்கு, தூரிகைக் கோடுகள் தெளிவாகத் தெரியும் காய் நடை நல்லது. எல்எக்ஸ்ஜிடபிள்யூ வென்காய் அந்த நடையில் இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டாவது, கோப்பின் அளவு. தமிழ் எழுத்துரு சில நூறு கேபிதான். சீனம் ஒரு தடிமனுக்கே 10 எம்பியைத் தாண்டும். பழைய கருவியில் பக்கம் திரும்புவது மந்தமாகும். ரெகுலர் ஒன்று மட்டும் போடுங்கள். வென்காயில் லைட் (Lite) என்ற சுருங்கிய பதிப்பும் உண்டு. டிடிசி, ஓடிசி என்று முடியும் தொகுப்புக் கோப்புகளை விட்டுவிட்டு, தனித்தனி டிடிஎஃப், ஓடிஎஃப் கோப்புகளையே எடுங்கள்.

மூன்றாவது, மொழி முத்திரை. மூன்றாம் படியில் சொன்னது இங்கே இன்னும் கறாராகப் பொருந்தும். சீனம் என்று முத்திரை விழுந்த நூலைக் கிண்டிலில் திறந்தால் எழுத்துருப் பட்டியலே வேறாக வரும். தமிழுக்கு நீங்கள் வைத்தது அப்படியே இருக்கும், குழப்பம் இல்லை. முத்திரை இல்லாவிட்டால் தாத்தா மாற்றியது பேரனுக்கும், பேரன் மாற்றியது தாத்தாவுக்கும் போகும். கேஓரீடரில் தமிழை டிஃபால்ட், சீனத்தை ஃபால்பேக் என்று வைத்துவிட்டால் இருமொழிச் சொற்பட்டியல்கூட ஒழுங்காக வரும். பின்யின் ஒலிக்குறி போட்ட புத்தகம் என்றால் மட்டும் அதற்குச் சீன எழுத்துருவையே முதன்மையாக வையுங்கள். மூன்றாம் தொனிக்கு உயிரெழுத்தின் மேல் வரும், ஆங்கில வி போன்ற கூர்முனைக் குறி பல தமிழ் எழுத்துருக்களின் ஆங்கிலப் பகுதியில் இல்லை. அந்த ஓரெழுத்து மட்டும் வேறு முகத்தோடு வந்து நிற்கும்.

கருவியை ஃபேக்டரி ரீசெட் செய்தால் நீங்கள் போட்ட எழுத்துருக்களும் சேர்ந்து அழியும். ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சோதனை வரிக் கோப்பையும் ஒரே ஜிப்பாக்கி மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.